றிப்பீட்டர் என்னும் பறவைத் துப்பாக்கி

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'றிப்பீட்டர்' என்றொரு சொல் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன் என்ற வகையில் நானும் அதனைப் பலமுறை தலைப்புகளில் இட்டிருக்கிறேன். 'றிப்பீட்டருடன் மூவர் கைது', 'றிப்பீட்டரால் சுட்டுக் கொள்ளை' என்பன போன்ற செய்திகள் ஆசிரியபீடத்தில் அன்றாடம் வந்து விழுந்த காலம் ஒன்று இருந்தது. முன்கைப்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும் 'பம்ப் அக்ஷன்' ஷொட் கன்னைத்தான் நம்மவர்கள் அப்பெயரால் அழைத்தார்கள். கிராமத்தார் வாயில் அது வெறும் 'துவக்கு'. அயலிலுள்ள சிங்களவர் 'துவக்குவ' என்பர். இந்த ஒரு விடயத்திலாவது இரு மொழிகளும் ஒன்றுபட்டுவிட்டன.

இச்சொல்லைக் கேட்டதும் நம் நாட்டவர் மனதில் எழுவது அச்சம். ஆனால் அக்கருவி பிறந்தது பறவைகளுக்காக. அமெரிக்காவின் ஏரிக்கரைகளில் வாத்துக்கும், புல்வெளிகளில் காடைக்கும் கௌதாரிக்கும் என்று திட்டமிட்டுச் செய்யப்பட்ட துப்பாக்கி அது. கனடாவில் வாழும் நம்மவர்களுக்கு இது புதுமையாக இராது. அங்கே வேட்டைப் பொருட் கடைகளில் மீன் தூண்டிலுக்குப் பக்கத்தில் அது சாத்தி வைக்கப்பட்டிருக்கும்.

ஆயினும் நமது மலையகத்தில் பறவை சுட்ட துரைமார் அதனைக் கையாலும் தொட விரும்பியதில்லை. நான் வாழும் பல்லேகல, மகாவலி வளைந்தோடும் தும்பறைப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரொபர்ட் டைட்லர் என்னும் ஸ்கொட்லாந்துத் துரை இங்கே கொக்கோ பயிரிட்டார். காட்டுக்கோழி தோட்டத்தின் ஓரத்தில் மேயும். சேற்று வயல்களில் உள்ளான் இறங்கும். வட ஆசியாவிலிருந்து செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் வந்து ஏப்ரலுக்குள் திரும்பிவிடும் ஊசிவால் உள்ளானைச் சுடுவது அக்கால வெள்ளையர்க்குப் பெரும் பொழுதுபோக்கு. கப்டன் வின்சன்ட் லெக் 1880இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூல், அத்தகைய துப்பாக்கிக் கலாசாரத்தின் நடுவே உருவானதுதான். உள்ளான் காலடியில் திடீரென எழுந்து, நேராகப் பறவாமல் இடமும் வலமும் வெட்டி வெட்டிப் பறக்கும். அதை வீழ்த்தியவன் குறி தப்பாதவன். 'ஸ்னைப்பர்' என்னும் சொல்லே உள்ளானின் ஆங்கிலப் பெயரிலிருந்து, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினரிடையே பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றியது. பின்னாளில் அச்சொல்லுக்கு நேர்ந்த கதி வாசகர் அறிந்ததே.

உள்ளான் வேட்டைக்கு இங்கிலாந்தின் இரட்டைக்குழல் துப்பாக்கியே உகந்தது என்பதற்குத் துரைமாரின் பெருமையுணர்வு மட்டும் காரணமன்று. இரண்டு குழல்களின் வாயையும் வெவ்வேறு அளவில் ஒடுக்கிச் செய்வார்கள். இந்த ஒடுக்கத்துக்குச் 'சோக்' என்று பெயர். அருகில் எழும் பறவைக்குச் சன்னங்களை அகலப் பரப்பும் குழல். விலகிப் பறப்பதற்கு இறுக்கமாகச் செலுத்தும் குழல். இரண்டு விசைகள் இருப்பதால் வேண்டியதைக் கணத்தில் தெரிந்துகொள்ளலாம். றிப்பீட்டருக்கு ஒரு குழல், ஒரு சோக். தவிர, வரம்பிலே வழுக்கி விழக்கூடிய சேற்று வயலில் நடக்கும்போது இரட்டைக்குழலை மடித்துத் தோளில் போட்டால், அது வெறுமையாக இருப்பது பக்கத்தில் வருபவனுக்கும் தெரியும். றிப்பீட்டரின் வயிற்றில் என்ன இருக்கிறதென்று வைத்திருப்பவனுக்கே சில வேளை தெரியாது.

என் தகப்பனார் தோட்டக் கிளாக்கராக இருந்தவர். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரர் போன பின்னும் பெரிய துரையின் பங்களாவில் பர்மிங்ஹாமில் செய்த ஓர் இரட்டைக்குழல் மிஞ்சியிருந்தது. ஆண்டு முடிவில் அதன் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கண்டிக் கச்சேரிக்குக் கடிதம் எழுதுவது அப்பாவின் வேலை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் என்ற தொடரை நான் முதலில் படித்தது அவருடைய கார்பன் பிரதிகளில்தான். வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி வாயில் வைத்து ஊதி விளையாடுவோம். வெடிமருந்தின் அந்தக் கசந்த வாசனை இப்போதும் நினைவிருக்கிறது.

இனி, றிப்பீட்டர்களுக்குள் எது சிறந்தது? நூறாண்டாக அமெரிக்க வேட்டைக்காரர்கள் நடத்தும் வழக்கு இது. எனக்கும் ஒரு கட்சி உண்டு.

வரிசையில் மூத்தது வின்செஸ்டர் 1897. துப்பாக்கி உலகின் மயன் என்று சொல்லத்தக்க ஜோன் பிறவுனிங்கின் படைப்பு. வெளியே தெரியும் சுத்தியல், இழுக்கும்போது பெட்டியின் பின்புறத்தே நீளும் உலோகப் பாகம் என்று எலும்பும் நரம்பும் தெரிய நிற்கும். கவனமில்லாதவனின் பெருவிரலைக் கிழித்துவிடும். ஆனாலும் 1957 வரை, ஏறத்தாழப் பத்து இலட்சம் விற்றது. அதன் பிள்ளையாக வந்தது மொடல் 12. 1912இல் முதலில் சிறிய 20 போரில் வந்து, பின்னரே 12 போரிலும் செய்யப்பட்டது. சுத்தியல் உள்ளே ஒளிந்துகொண்டது. உருக்குக் கட்டியைக் கடைந்தெடுத்த பாகங்கள் எண்ணெய் பூசியது போல் வழுக்கி ஓடும். கிட்டத்தட்ட இருபது இலட்சம் செய்த பின்னர், கடைசல் வேலைக்கான கூலி கட்டுபடியாகாமல் 1964இல் வழமையான உற்பத்தியை நிறுத்தினார்கள். நல்ல சாமான் விலையால் சாவது எல்லாத் தொழிலிலும் நடப்பது. பழைய அச்சுக்கோப்பாளர்களைக் கண்டவன் நான்.

அதைச் சாகடித்தது 1950இல் வந்த ரெமிங்டன் 870. உள்ளுறுப்புகள் சிலவற்றைத் தகட்டில் அடித்துச் செய்து விலையைக் குறைத்தார்கள். ஆனால் பெட்டி உருக்குத்தான். கைப்பிடியிலிருந்து இரண்டு தண்டுகள் சமமாகப் பின்னே செல்வதால் இழுப்பு கோணாது, சிக்காது. ஒரு கோடிக்கு மேல் செய்யப்பட்ட துப்பாக்கி. பொலிஸும் அதையே விரும்பியது, கொள்ளையனும் அதையே விரும்பினான். அழகில்லை, குறையுமில்லை.

என் கட்சி இத்தாக்கா 37. பிறவுனிங்கின் பழைய உரிமம் காலாவதியாகும்வரை காத்திருந்து 1937இல் வெளியிட்டார்கள். மற்றவை வெற்றுத் தோட்டாவை வலப்பக்கம் வீசும். இதுவோ ஏற்றுவதும் கழிப்பதும் அடிப்பக்கத்து ஒரே வாயால். பக்கத்தில் திறப்பில்லாததால் மழையும் சேறும் எளிதில் உட்புகா. இடக்கைக்காரன் முகத்துக்குக் குறுக்கே சூடான தோட்டா பறக்காது. எடையும் மூன்று கிலோ அளவுதான். நாள் முழுதும் நடந்து, ஒரு நொடியில் உயர்த்த வேண்டிய பறவை வேட்டையில் அரைக்கிலோ வித்தியாசம் பெரிது. துரைமார் அந்தக் காலத்திலேயே இதைக் கையிலெடுத்திருந்தால் இரட்டைக்குழல் மீதான பக்தி சற்றுத் தளர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். பழைய வின்செஸ்டரிலும் இத்தாக்காவிலும் ஓர் ஆபத்தும் உண்டு. விசையை அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியை ஆட்டினால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வெடி தீரும். இத்தாக்காவில் இக்குணம் 1970களில்தான் நீக்கப்பட்டது. 870இல் தொடக்கத்திலிருந்தே இல்லை.

பறவைக்கு அத்தனை வெடி எதற்கு என்ற கேள்வி அமெரிக்கருக்கே எழுந்தது. வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தது. (அதற்கு றிப்பீட்டர் மீது பழிபோடுவது நியாயமன்று. வலையும் பழைய துப்பாக்கிகளுமே அந்த இனத்தை முடித்திருந்தன.) 1918இல் வலசைப் பறவைகளுக்கான சட்டம் வந்தது. 1935இல் வாத்து வேட்டைக்குப் போகும் எவனுடைய துப்பாக்கியும் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளலாகாது என்றார்கள். அன்று முதல் ஐந்தாறு கொள்ளும் குழாய்க்குள் ஒரு மரக்குச்சியைச் செருகி இடத்தை அடைத்துக்கொண்டு வேட்டைக்குப் போகிறார்கள். ஈயச் சன்னம் நீர்நிலைகளை நஞ்சாக்குகிறது என்று கண்டு, 1991 முதல் நீர்ப்பறவைகளுக்கு அதனையும் நாடு முழுவதும் தடைசெய்தார்கள்.

மனிதரைச் சுடுவதற்கு அந்த மரக்குச்சி கட்டாயமில்லை. 1918இல் பிரான்சின் பதுங்குகுழிகளில் குழலைக் குறுக்கிய வின்செஸ்டர் 1897 இறங்கியபோது, நச்சுவாயுவைப் பயன்படுத்திய ஜேர்மனியே அது மனிதாபிமானமற்ற ஆயுதம் என்று அமெரிக்காவிடம் ஆட்சேபித்தது. நம் பக்கத்தில், காஷ்மீரில் 2010 முதல் கூட்டங்களைக் கலைக்கப் பாதுகாப்புப் படையினர் பயன்படுத்தியது பம்ப் அக்ஷன் துப்பாக்கியும் பறவைச் சன்னமுமே. 2016இல் மட்டும் நூற்றுக்கணக்கானவர்களின் கண்களில் அவை பாய்ந்தன. ஆங்கிலேய அளவில் 6ஆம் இலக்கச் சன்னம் ஓர் அவுன்சுக்கு 270 உருண்டைகள் கொண்டது. பறக்கும் பறவையைத் தவறவிடாமலிருக்கச் செய்த ஏற்பாடு. கூட்டத்தின் மீது சுட்டால் அதுவே எவர் முகத்தையும் தவறவிடாது.

இலங்கையில் துப்பாக்கியின் கதை இன்னும் சுற்றுவழியானது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஜே.வி.பி. இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று பறித்தவை காட்டுப்பன்றிக்கும் பறவைக்கும் வைத்திருந்த ஷொட் கன்களே. எண்பதுகளின் பிற்பகுதியிலும் அதே படலம். 1987 ஏப்ரலில் அவர்கள் பல்லேகல இராணுவ முகாமுக்குள்ளேயே புகுந்து ஆயுதங்களைக் கொண்டுபோனபோது நான் கண்டியில் உயர்தர மாணவன். எல்லைப்புறக் கிராமங்களில் ஊர்காவற்படையினர் கையில் கொடுக்கப்பட்டதும் ஷொட் கன்தான். அந்த வீடுகளில் அதுவே காவலாகவும் சில இடங்களில் அதுவே கொலைக்கருவியாகவும் இருந்தது. பேராதனைக் கலைப்பீடத்திலிருந்து பத்திரிகைக்கு வந்த புதிதில் நான் பார்க்க நேர்ந்த பிரேதங்கள் சிலவற்றில் சன்னம் பட்ட துளைகள் அம்மைத் தழும்பு போலச் சிதறியிருந்தன. அவற்றை எண்ணிக் குறிக்கும்படி ஒரு மூத்த நிருபர் சொன்னார். எண்ணினேன்.

குண்டசாலைப் பக்கம் மரக்கறிச் செய்கை பண்ணும் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். "அண்ணே, நீங்க பேப்பர்காரர். அமெரிக்காக்காரன் வீடியோவில சடக்கு சடக்குனு இழுத்துச் சுடுறானே, அந்தத் துவக்குக்கு லைசன் எடுக்கலாமா? மயில் ஒண்ணையும் விட்டுவைக்கிறதில்ல" என்றார். அவர் குறை பொய்யன்று. உலர் வலயத்துக்கே உரியதாயிருந்த மயில் இப்போது ஈர வலயத்துக்கும் மலைச்சரிவுகளுக்கும் ஏறி வந்துவிட்டது. பீன்ஸ் முளையைக் கிள்ளும். தக்காளியைக் கொத்திவிட்டு மிச்சத்தை விட்டுப் போகும். குரங்கின் கதையைச் சொல்லவே வேண்டாம். 2025 மார்ச் 15 அன்று காலை எட்டு மணிக்கு, ஐந்து நிமிடம் அவரவர் காணியில் நின்று குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணித் தரும்படி அரசாங்கமே நாட்டு மக்களைக் கேட்டது. அவரும் நின்று எண்ணியிருக்கிறார். "எட்டு மணிக்கு ஒண்ணும் வரல்லண்ணே, எட்டே காலுக்குத்தான் வந்திச்சு" என்றார்.

அனுமதிப்பத்திரத்தின் நடைமுறையையும், 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின்படி பறவைகளில் மிகப் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்டவை என்பதையும் சொன்னேன். 2024 நவம்பரில் தற்காப்புக்காக வழங்கிய துப்பாக்கிகளையே பாதுகாப்பு அமைச்சு திருப்பிக் கேட்டதையும் சொன்னேன். பிறகு துப்பாக்கியைப் பற்றியே பேசினேன். பறவைச் சன்னம் நாற்பது மீற்றருக்கு மேல் பயனற்றது. மயில் அந்தத் தூரத்தை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளும். காயம்பட்டுக் காட்டுக்குள் போவது செத்து விழுவதைவிட அதிகம். வேலிக்கப்பால் கொழுந்து பறிக்கும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில் ஐந்து வெடி தொடர்ந்து தீரும் கருவி யாருக்கும் வேண்டாம். இத்தாக்காவாக இருந்தாலும் வேண்டாம்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். தன் மனைவி மயிலைச் சுட விடமாட்டாள் என்பதையும், அது முருகனுடைய வாகனமாயிற்றே என்று சண்டை பிடிப்பாள் என்பதையும் பிறகுதான் ஒப்புக்கொண்டார். இப்போது பாத்திக்கு மேல் வலை கட்டியிருக்கிறார். மூன்றில் ஒரு பகுதிக்குத்தான் காசு போதியது. மிச்சப் பாத்திகளுக்கு விடியற்காலையில் யானை வெடி கொளுத்திப் போடுகிறார். ஐந்தரை மணியளவில் அச்சத்தம் பள்ளத்தாக்கைக் கடந்து எங்கள் வீடுவரை கேட்கிறது.