தேவாங்கும் தொட்டாற்சுருங்கியும்

வீட்டில் எனக்கு இரண்டு பட்டப்பெயர்கள். யாராவது அதட்டினால் கண்ணை அகல விரித்து அசையாமல் நின்றுவிடுவேனாம், அதனால் தேவாங்கு. ஒரு சொல் பொறுக்காமல் முகம் வாடிவிடுமாம், அதனால் தொட்டாற்சுருங்கி. இரண்டையும் வைத்தவர் பெரிய மாமா.

இரண்டையும் நான் முதன்முதலில் கண்டது ஒரே நாளில், முல்லைத்தீவில். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மும்மா விட்டு வந்த வளவு அது. புத்தளத்தில் பிறந்த எனக்கு அது வெறும் கதை. யுத்தம் முடிந்து, காணி துப்புரவாக்கப் போனோம். வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் பற்றை. கிணற்றடி முழுவதும் தொட்டாற்சுருங்கி, இளஞ்சிவப்புப் பூக்களோடு. நான் தொட்டுத் தொட்டு விளையாடினேன். முள் குத்தியது.

பின்னேரம், மாமா கொடிப் பற்றையை வெட்டும்போது உள்ளே இரண்டு கண்கள். வாலில்லை, மெலிந்த கைகால். தேவாங்கு! பகல் தூக்கத்தைக் கலைத்துவிட்டோம். “சகுனம் சரியில்லை” என்று ஒருவர் தடியை ஓங்கினார்.

“விடுங்கடா! நாம இல்லாத இருபது வருசம் இந்த வளவில இருந்தது அதுதானே” என்றார் உம்மும்மா.

அது ஓடவில்லை. எங்களைப் பார்த்தபடியே நின்றது. பிறகு ஒவ்வொரு கையாகப் பற்றி, ஆறுதலாகப் புளியமரத்தில் ஏறியது. பற்றையை முழுவதும் வெட்டித்தான் வீடு கட்டினோம்; வேறு வழியிருக்கவில்லை. புளியமரத்தில் மட்டும் கத்தி வைக்க உம்மும்மா விடவில்லை.

பின்னர் நூலகத்தில் ஒன்றை வாசித்துச் சிரித்தேன். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753 இல் தொட்டாற்சுருங்கிக்கு ‘வெட்கப்படுவது’ என்றும், 1758 இல் தேவாங்குக்கு ‘மெல்ல நடப்பது’ என்றும் இலத்தீனில் பெயர் வைத்தாராம். அவரும் ஒரு பெரிய மாமாதான்! அவர் பெயரிட்டது நம் ஈரவலயத்துச் செந்தேவாங்குக்கு. வன்னியில் இருப்பது அதன் உறவான சாம்பல் தேவாங்கு.

ஆனால் செடிக்கு வெட்கமுமில்லை, பயமுமில்லை. இலைக்காம்பின் அடியிலுள்ள கலங்களிலிருந்து நீர் வெளியேற, இலை மடிகிறது. சில நிமிடங்களில் விரிகிறது. அது யாரையும் பார்ப்பதில்லை. அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்த செடி, போன இடமெல்லாம் வேரூன்றிவிட்டது. தேவாங்கு அப்படியல்ல. அதற்கு இரவில் பூச்சி பிடிக்கக் கிளையோடு கிளை தொட்ட காடு வேண்டும். அசையாமல் நின்றாலும் அது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாமா இன்னும் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். “தேவாங்கு” என்றால் திரும்பிப் பார்க்கிறேன். மற்றப் பெயருக்குத் திரும்புவதில்லை.