இடைக்கிடை என்றால் எத்தனை தடவை?



ஆங்கிலம் பேசும்போது பிழை வந்தால் என்ன, சிரித்துவிட்டுப் போகிறார்கள் என்று நாம் நினைப்பதுண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் பிழையாகச் சொன்ன ஒரே ஒரு சொற்றொடர் என் உம்மாவின் உயிரோடு விளையாடிய கதையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

2012ஆம் ஆண்டு ஜூன் மாதம். கிழக்கு மாகாணத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து உம்மா கொழும்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "என்ன உம்மா?" என்று ஓடினேன். "ஒண்டுமில்ல மனே, நெஞ்சுக்குள்ள இறுக்குது. இடைக்கிடை இப்பிடித்தான் வாறது" என்றார்.

மறுநாளே வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னுடைய சிங்களமோ கடைத்தெருவோடு சரி. ஆகவே ஆங்கிலத்தில் பேசத் துணிந்தேன். அந்த நாட்களில் என் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆங்கிலப் பாடங்களை நானும் பக்கத்திலிருந்து கேட்டு, நல்லதாகத் தெரிகிற சொற்றொடர்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். பேச ஓர் இடம் கிடைக்காதா என்று நாக்கு துடித்துக்கொண்டிருந்த காலம் அது.

நெஞ்சு நோவு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று வைத்தியர் கேட்டார். நான் உம்மாவைப் பார்த்தேன். "இடைக்கிடை வாறது எண்டு சொல்லு புள்ள" என்றார் உம்மா. என் கொப்பியிலிருந்த அழகான சொற்றொடர் உடனே வாயில் வந்தது. "வன்ஸ் இன் எ புளூ மூன், டொக்டர்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். என் ஆங்கிலத்தை மெச்சுகிறார் என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். துண்டில் ஏதோ எழுதி, வயிற்று வாயுவுக்குக் குளிசை தந்து அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சுபஹு நேரம். வுழூச் செய்யப் போன உம்மா வியர்த்து வழிந்து அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அல்ஹம்துலில்லாஹ், நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரத்தக் குழாயின் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அங்கிருந்த வைத்தியர் பழைய துண்டைப் பார்த்துவிட்டு, "நோவு மிக அரிதாகத்தான் வருவதாக எழுதியிருக்கிறதே?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "இல்லையே, கிழமைக்கு மூன்று நான்கு தடவை வந்ததே!" என்றேன்.

அன்றிரவு மகளிடம் சொன்னபோது அவள் முகம் மாறிவிட்டது. "உம்மா, அது இடைக்கிடை எண்டு அர்த்தமில்ல. அத்தி பூத்த மாதிரி, வருசக்கணக்குல ஒருக்கா நடக்கிறதுக்குச் சொல்றது" என்றாள். நான் அப்படியே இருந்துவிட்டேன். வைத்தியர் பிழை செய்யவில்லை. நான் சொன்னதைத்தான் அவர் எழுதினார். உம்மாவின் நோவை நான்தான் என் வாயால் சிறிதாக்கியிருந்தேன்.

அந்தப் பயம் தெளிந்த பிறகு மகளோடு இருந்து இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்.

நம்முடைய "இடைக்கிடை"க்குச் சரியானவை "நவ் அன்ட் தென்", "வன்ஸ் இன் எ வைல்", "ஃப்ரம் டைம் டு டைம்" என்பவை. இவற்றை வசனத்தின் கடைசியில் அல்லது தொடக்கத்தில் வைப்பதே வழக்கம். மாமி இடைக்கிடை எங்களிடம் வருவார் என்பதற்கு, "ஷீ விசிட்ஸ் அஸ் நவ் அன்ட் தென்" என்று சொன்னால் சரி. "சம்டைம்ஸ்" மட்டும் முன்னாலும் நடுவிலும் பின்னாலும் நிற்கும்.

வருவதும் நிற்பதும் மறுபடி வருவதுமாக இருந்தால் "ஒஃப் அன்ட் ஒன்". பிள்ளைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறது, நாள் முழுக்க விட்டுவிட்டு மழை பெய்தது என்பதற்கெல்லாம் இதுதான். உம்மாவின் நோவுக்கும் இது பொருந்தியிருக்கும்.

"செல்டம்", "ஹார்ட்லி எவர்" இரண்டும் அநேகமாக இல்லை என்பதற்குக் கிட்ட நிற்பவை. இவை வினைச்சொல்லுக்கு முன்னால் வரும். "ஷீ செல்டம் கம்ப்ளெய்ன்ஸ்" என்றால் அவர் குறை சொல்வது மிக அரிது. இல்லை என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் கூடவே "நொட்" போடக்கூடாது.

குளிசைத் துண்டில் "எவ்ரி அதர் டே" என்றிருந்தால் மிகவும் கவனம். அது தினமும் அல்ல, ஒன்றுவிட்ட ஒரு நாள். நடுவிலுள்ள அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் குளிசை இரண்டு மடங்காகிவிடும்.

புளூ மூன் சொற்றொடர் வேடிக்கையாகவோ செல்லக் குறையாகவோ பேசுவதற்குரியது. வைத்தியரிடமும் விண்ணப்பக் கடிதத்திலும் அதற்கு இடமில்லை. அங்கெல்லாம் இலக்கம்தான் நல்லது. "ட்வைஸ் எ வீக்" என்றால் கிழமைக்கு இரண்டு தடவை. அதில் யாருக்கும் மயக்கம் வராது. நோவு எத்தனை தடவை வருகிறது, எதைச் செய்யும்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, முன்பைவிடக் கூடுகிறதா என்று தமிழிலேயே ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பாஷை தெரிந்த ஒருவர் அதைச் சொல்லிவிடலாம். தெரியாத சொல்லை அழகுக்காகச் சொல்வதைவிட விரலைக் காட்டி எண்ணிச் சொல்வது மேல்.

ஓகஸ்ட் 31ஆம் திகதி இரவு. உம்மா தேறி எங்களோடுதான் இருந்தார். இஷாவுக்குப் பின் மகள் அவரை பல்கனிக்கு அழைத்துப் போய், "உம்மும்மா, இண்டைக்குத்தான் அந்த புளூ மூன்" என்று காட்டினாள்.

"எங்க நீலம்? வெள்ளையாத்தானே இருக்கு" என்றார் உம்மா.

மகள் விளக்கினாள். ஓர் ஆங்கில மாதத்துக்குள் இரண்டு முழு நிலவு வந்தால் இரண்டாவதற்கு அந்தப் பெயர். இரண்டரை, மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் அப்படி வரும். அந்த ஓகஸ்ட்டில் 2ஆம் திகதி ஒன்று, 31ஆம் திகதி ஒன்று. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. முன்பு ஒரு பருவ காலத்தில் மூன்றுக்குப் பதிலாக நான்கு முழு நிலவு வந்தால் அதில் மூன்றாவதற்கே அந்தப் பெயர் இருந்தது. 1946இல் அமெரிக்க வானியல் சஞ்சிகை ஒன்றில் எழுதியவர் பழைய பஞ்சாங்கக் குறிப்பைப் பிழையாக விளங்கி எழுத, அந்தப் பிழையே உலகமெங்கும் நிலைத்துவிட்டது. அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான்!

உம்மா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். "முந்தினது நோன்பு மாசத்துப் பிறை. இது பெருநாள் மாசத்துப் பிறை. எங்கட கணக்குல ஒரு மாசத்துல ரெண்டு முழுப்பிறை வராதே!" என்றார். உண்மைதான். பிறை பார்த்துத் தொடங்கும் நம் மாதம் 29 அல்லது 30 நாள். அதில் முழு நிலவு ஒன்றுதான். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத என் உம்மா அதை ஒரு நொடியில் கண்டுபிடித்தார்.

பிறகு, "இத எதுக்குச் சொல்றது?" என்று கேட்டார்.

"எப்பயாவது ஒருக்கா நடக்கிற காரியத்துக்கு உம்மும்மா."

உம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப உங்கட உம்மா ஊருக்கு வாறதச் சொல்லலாம்."

மகளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதற்கு முந்திய மூன்று வருடத்தில் நான் ஊருக்குப் போனது இரண்டே தடவை. வைத்தியரிடம் பிழையான இடத்தில் சொன்ன சொல், என் வாழ்க்கையில் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது.

குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். தொழுகைக்கும் ஓதலுக்கும் அதை நினைக்கிற நாம் பெற்றோரைப் பார்க்கப் போவதற்கு நினைப்பதில்லை.

அந்த வருடத்திலிருந்து மாதத்துக்கு ஒரு வியாழன் இரவு பஸ் ஏறுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். போக முடியாத மாதங்களும் இருந்தன. அடுத்த மாதம் அதை விடவில்லை. 2019இல் உம்மா வபாத்தாகும் வரை அது நடந்தது. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கி வைப்பானாக.

சகோதரிகளே, உம்மா வாப்பாவைப் பார்க்க எத்தனை நாளைக்கு ஒரு தடவை போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் "இடைக்கிடை" என்று சொல்லிவிடாதீர்கள். போன வருடத்தை எடுத்து விரல் மடித்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை வெட்கமாக இருந்தால், இந்த மாதமே ஒரு விரலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.