வெஸூவியஸ் அடிவாரத்தில் ஒரு தக்காளி வழக்கு

இத்தாலி தேசத்துக்கு யாத்திரை போகிறவர்கள் ரோமாபுரியின் பாழ்மண்டபங்களைப் பார்ப்பார்கள். வெனிஸ் நகரத்தில் ஓடமேறுவார்கள். நாமும் அவ்வாறே செய்தோம். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாட் காலை, நேபிள்ஸ் நகரில் ரயிலேறியபோது நம் மனத்தில் இருந்தது வேறொரு விஷயம். பாஸ்டாவுக்கு வார்க்கும் தக்காளி ஸாஸில் சர்க்கரை சேர்க்கலாமா, கூடாதா என்பதே அது.

அற்பக் கேள்வி என்று நேயர்கள் நகைக்கலாம். ரஸத்தில் வெல்லம் போடும் குடும்பமும் போடாத குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்டு பட்ட பாட்டை அறிந்தவர்கள் நகைக்கமாட்டார்கள். நம் இல்லத்தில் குழந்தைகளுக்காகப் பாஸ்டா செய்யத் தொடங்கிய நாள்முதல் இவ்வழக்கு நடந்து வருகிறது. நாம் சர்க்கரைக் கட்சி. நம் மனைவி எதிர்க்கட்சி. இருவரும் சேர்ந்தே புறப்பட்டிருந்தோம். நம்மிடம் படித்து, இப்போது நேபிள்ஸில் உத்தியோகம் பார்க்கும் ஒரு பிள்ளை துபாஷியாக உடன் வந்தான்.

அந்தச் சிறு ரயில் வெஸூவியஸ் எரிமலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. கி.பி. 79-ல் பாம்ப்பி நகரத்தைச் சாம்பலில் புதைத்த மலை இதுதான்; கடைசியாக 1944-ல் நெருப்பைக் கக்கிற்று. ஊரை அழித்த சாம்பலே பின்னர் வயலுக்கு உரமாயிற்று. மலைக்கப்பால் ஸார்னோ நதியின் சமவெளியில், கொம்புகளில் கட்டிய தக்காளிக் கொடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஸான் மர்ஸானோ என்னும் ஜாதி. நீண்டு ஒடுங்கிய பழம், சதைப்பற்று மிகுதி, விதை குறைவு. பழுத்ததை மாத்திரம் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்கிறார்கள். 1996-ல் இப்பழத்தின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புக் கிடைத்தது.

இத்தனை பெருமையும் பெற்ற தக்காளி இத்தாலியின் சொந்தப் பிரஜை அன்று. நமக்கு வந்ததுபோலவே அவர்களுக்கும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்ததுதான். 1692-ல் நேபிள்ஸில் அந்தோனியோ லாத்தீனி என்பவர் வெளியிட்ட சமையல் நூலில் தக்காளி ஸாஸ் ஒன்று காண்கிறது. சுட்ட தக்காளியுடன் வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய் ஆகியவற்றோடு அவர் காடியையும் சேர்க்கச் சொல்கிறார். சர்க்கரையின் பேச்சே இல்லை, புளிப்பின்மேல் புளிப்பு! இதைப் பையன் சொல்லக் கேட்டதும் நம் மனைவியின் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை தோன்றியது.

நாம் சென்ற வீட்டு முற்றத்தில் குடும்பத்தார் அனைவரும் தக்காளியை வேகவைத்துப் பிழிந்து, துளசிக்கு உறவான ஓர் இலையுடன் புட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் கோடையில் வடாம் பிழிவதுபோல, அது வருஷாந்தரக் காரியம். எண்பது வயதுப் பாட்டியம்மாள் மேற்பார்வை செய்தாள். மருமகளோ நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவள். 1880 முதல் 1920 வரையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர் பிழைப்பைத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவள் முன்னோரும் அவர்களில் சேர்ந்தவர்கள். அவள் ஸாஸில் சர்க்கரை போடுகிறவள். ஆகவே, நம் வழக்கு அங்கேயும் நடந்து வந்ததென்று கண்டோம்.

நம் கேள்வியைக் கேட்ட பாட்டியம்மாள் பதில் சொல்லவில்லை. அடுப்பில் இரண்டு சட்டிகளை ஏற்றினாள். ஒன்றில் அன்று பறித்த பழம். மற்றொன்றில் கடையில் வாங்கிய மலிவான டப்பாத் தக்காளி. இரண்டையும் ருசி பார்க்கச் சொன்னாள். முதலாவதற்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது பல்லைக் கூசச் செய்தது. அவள் வெங்காயத்தை எண்ணெயில் நிதானமாக வதக்கி அதில் சேர்த்தாள். புளிப்புச் சற்றே தணிந்தது. பிறகு, மருமகள் திடுக்கிட்டுப் பார்க்க, இரு விரல்களால் ஒரு சிட்டிகை சர்க்கரையை எடுத்துத் தானே போட்டாள்!

"நோயாளிக்கு மருந்து கொடுக்கலாம், நன்றாக இருப்பவனுக்கு எதற்கு என்கிறாள், ஸார்," என்று பையன் மொழிபெயர்த்தான்.

இதில் ரஸாயன நியாயமும் உண்டு. பழுத்த தக்காளியில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது. காயாகப் பறித்து வண்டியில் பழுத்ததற்கு அந்த இனிப்புக் குறைவு. டப்பாவிலோ கெட்டுப்போகாமலிருக்கப் பெரும்பாலும் ஸிட்ரிக் அமிலமும் சேர்க்கிறார்கள். நாம் போடும் சர்க்கரை புளிப்பைப் போக்குவதில்லை. நாக்குக்கு அதை மறைக்கிறது, அவ்வளவே. சமையல் சோடா புளிப்பை மெய்யாகவே முறிக்கும். ஆனால் கொஞ்சம் மிஞ்சினாலும் ருசி பாழாகும். பூண்டைக் கருகவிட்டதனால் வந்த கசப்புக்கோ சர்க்கரை சரியான பரிகாரமாகாது.

திரும்பும் வழியில் நாம் வெகுநேரம் பேசவில்லை. மாலையில் அவசரமாகப் பள்ளியிலிருந்து வந்து, கைக்குக் கிடைத்த செங்காய்களை நறுக்கிப் போட்டு, பத்து நிமிஷத்தில் இறக்கி, மேலே ஒரு கரண்டி சர்க்கரையைக் கொட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. தக்காளியின் குற்றத்தை மட்டுமா மறைத்தோம்? நம் அவசரத்தையும் அல்லவா மறைத்தோம்! இதை மனைவியிடம் ஒப்புக்கொண்டோம். "பாட்டியும் ஒரு சிட்டிகை போட்டாளே, நானும் இத்தனை பிடிவாதம் பிடித்திருக்க வேண்டாம்," என்றாள் அவள்.

இப்போது நம் வீட்டில் பழத்தை முதலில் ருசி பார்க்கிறோம். சர்க்கரை டப்பா மேல்தட்டுக்குப் போய்விட்டது. ஆனால் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.