வங்கி கட்டும் வீட்டு வரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வரி ரசீதுகளைச் சணலில் கோத்து வைத்திருக்கும் நீங்கள், "அங்கே வங்கிக்காரனே வீட்டு வரி கட்டிவிடுவானாமே, நிம்மதிதானே?" என்று கேட்டிருந்தீர்கள்.

மதுரையில் அரையாண்டுக்கு ஒருமுறை நாமே மாநகராட்சியில் கட்டுகிறோம். முதல் மாதத்திலேயே கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி. 2022இல் 1,800 சதுர அடிக்கு மேலான வீடுகளுக்கு வரி இரட்டிப்பானபோது, பில்லைப் பார்த்ததுமே உங்களுக்கு உறைத்தது. இங்கே டெக்சஸில் வீட்டுக்கடன் தவணையோடு வரிக்கும் சேர்த்து வாங்கி, எஸ்க்ரோ கணக்கில் போட்டு, ஜனவரி 31க்குள் கடன் நிறுவனமே கட்டுகிறது. வரி ஏறியது நம் காதுக்கு எட்டுவதற்குள் அந்தக் கணக்கில் பள்ளம் விழுந்திருக்கும்.

திருமங்கலத்து நண்பர் ஒருவர், டாலஸ் பக்கம் குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போனார். சொந்தக் குடியிருப்புக்குத் தரும் 'ஹோம்ஸ்டெட்' சலுகை அத்தோடு போயிற்று. பள்ளி வரிக்கு மட்டும் வீட்டு மதிப்பில் 1,40,000 டாலரைக் கழிக்கிற சலுகை அது. வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாது என்ற வரம்பும் கூடவே போய்விடும். கடன் நிறுவனமோ பழைய கணக்கில் மாதம் 600 டாலர் பிடித்துக்கொண்டிருந்தது. வந்த பில் 7,200 அல்ல, 9,600. துண்டு விழுந்த 2,400ஐ ஓராண்டில் அடைக்க மாதம் 200, இனி வரும் வரிக்காக இன்னொரு 200. தவணை ஒரேயடியாக 400 டாலர் ஏறியது. வாடகை ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் கிடந்தது, அதுவரை குடியிருப்பவரிடம் ஒரு டாலர்கூட அதிகமாகக் கேட்க முடியாது. 2,400ஐ மொத்தமாகக் கட்டித் தீர்த்தாலும் ஒரு 200தான் குறையும், மற்றது அப்படியே நிற்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

குற்றம் எஸ்க்ரோ மேல் இல்லை என்பேன். போன ஆண்டு பில்லைப் பார்த்து இந்த ஆண்டுக்குப் பிடிக்கிற கணக்கு அது. வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று அதற்கு எப்படித் தெரியும்?

தம்பியும் ஆஸ்டின் வீட்டை வாடகைக்கு விடப்போவதாக எழுதியிருந்தீர்கள். சலுகை இல்லாமல் வரி எவ்வளவு வருமென்று இப்போதே கணக்குப் போட்டு, அதை வைத்து வாடகை பேசச் சொல்லுங்கள். கூடுதல் வரியை முதல் மாத வாடகையிலிருந்தே தனியாக ஒதுக்கட்டும். வசந்த காலத்தில் மதிப்பீட்டு நோட்டீஸ் வந்ததும், மதிப்பு அதிகமாகத் தெரிந்தால் பொதுவாக மே 15க்குள் ஆட்சேபம் போட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஒழுகும் கூரை போன்ற குறைகளின் படமும் பக்கத்து வீடுகள் விற்ற விலையும் கையில் இருந்தால் போதும்.