அண்ணாவியாரின் ஏடும் ஒரு கடவுச்சொல்லும்

கணினிக்குக் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. 1962 இல் அங்கு ஆய்வு செய்த அலன் ஷேர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டும் அதைக் கடக்கும் வழியும் ஏறத்தாழ ஒன்றாகவே பிறந்திருக்கின்றன. இதையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது, படுவான்கரையில் கிடந்த ஒரு பழைய கணினியால்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாக விரிவது படுவான்கரை. அங்கே கூத்துப் பழக்குபவரை அண்ணாவியார் என்பர். பாடல்கள் அடங்கிய அவருடைய ஏடுதான் கூத்தின் உயிர். அச்சேறிய கூத்துகள் சில, ஏறாதவை பல. ஏடு அழிந்தால், அண்ணாவியாரின் நினைவில் எஞ்சுவதே மிச்சம்.

நான் சொல்லும் அண்ணாவியாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. 2011 ஜனவரி வெள்ளத்தில் அவருடைய கொப்பிகள் நனைந்து ஊறின. வாசிக்க முடிந்தவற்றைப் பேரன், நகரத்தில் வாங்கிய பாவித்த கணினியொன்றில் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி வைத்தான். பிறகு வேலைக்காகக் கட்டாருக்குப் போய்விட்டான். கொப்பிகள் பொடிந்துபோயின. ஊர் இளைஞர்கள் அந்த வடமோடிக் கூத்தை மீண்டும் களரியேற்ற விரும்பிக் கணினியை இயக்கியபோது, அது கடவுச்சொல் கேட்டது. பேரனுக்கே அது மறந்துவிட்டது. இருந்ததோ நிர்வாகி கணக்கு ஒன்றே ஒன்று.

"கறையான் தின்னாது எண்டுதான் தம்பி இதுக்குள்ள போட்டவன். மறுகா இது பூட்டிக் கிடக்கு," என்றார் பெரியவர்.

கடையொன்றில் விசாரித்தார்களாம். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் பதிந்தால் கணினி வேலை செய்யும் என்று சொல்லி, விலையும் பேசிவிட்டார்கள். மறுநாள் கொண்டுபோவதாக ஏற்பாடு. கணினி மீளும், கூத்து மீளாது. வீட்டாருக்கு அந்த வேறுபாட்டை எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த கணினி இளைஞர் ஒருவரை அழைத்துச் சென்றேன். முதலில் பேரனுடன் தொலைபேசியில் பேசி அவனது சம்மதத்தைப் பெற்றோம். பின்னர் அந்த இளைஞர் விண்டோஸைத் தொடவேயில்லை. லினக்ஸ் இயங்குதளம் பதிந்த பென்டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து இயக்கினார். வன்தட்டிலிருந்த கோப்புகள் யாவும் திரையில் தெரிந்தன. விண்டோஸ் கடவுச்சொல் வாசற்கதவின் பூட்டு மாத்திரமே. வன்தட்டு மறையாக்கம் செய்யப்படாதிருந்தால் வீட்டுக்குச் சுவரே இல்லை என்று விளக்கினார். கோப்புகளைப் பிரதியெடுத்த பின்னரே, கடவுச்சொல்லின் சுவடு பதிந்திருக்கும் சாம் என்ற கோப்பில் அதனை வெறுமையாக்கினார். இந்த வரிசை முக்கியமானது. விண்டோஸின் வசதியைக் கொண்டே மறையாக்கிய கோப்புகள் இருந்தால், கடவுச்சொல்லை இவ்வாறு வெளியிலிருந்து மாற்றியபின் அவை திறக்காமற் போகலாம்.

பேரனின் கடிதங்கள், படங்கள் இருந்த கோப்புறைகளை நாங்கள் திறக்கவில்லை. அவன் சம்மதித்தது கூத்துக்கு மட்டுமே. பிறர் தாள்களைப் பார்க்கும் வாய்ப்பு அதிகமுள்ள தொழிலில் ஆயுளைக் கழித்தவன் என்பதால், அந்த எல்லை எனக்குப் பெரிதாகவே பட்டது.

பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றி அச்சிட்டுக் கொடுத்தோம். இளைஞன் ஒருவன் வாசிக்க, பெரியவர் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். நனைந்த கொப்பியில் அழிந்துபோன ஒரு தரு அங்கே விடுபட்டிருந்தது. மடியில் தாளம் தட்டி, அதை முழுமையாகப் பாடினார். அச்சிட்ட தாளின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டோம். அந்தத் தருவை எந்தக் கணினியும் தந்திருக்காது. முன்னும் பின்னும் உள்ள வரிகள் கையில் இல்லாவிடின் அவருக்கும் நினைவு வந்திருக்குமா என்பது ஐயமே.

இது பழைய கணினியின் கதை. இன்றைய கணினிகள் பலவற்றில் வன்தட்டு பிற்லொக்கர் முறையில் மறையாக்கப்பட்டே இருக்கிறது. அதன் 48 இலக்க மீட்புக் குறி இல்லாமல் எந்தப் பென்டிரைவும் உதவாது. களவுக்கு எதிராக அது நல்ல காவல். மறதிக்கும் மரணத்துக்கும் எதிராக அதனிடம் இரக்கமில்லை. எனவே வாசகர்களே, உங்கள் வீட்டுக் கணினியில் முதியவர் ஒருவரின் பாட்டோ, குடும்ப வரலாறோ இருந்தால், அந்தக் குறியைத் தாளில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் பெட்டிக்குள் வையுங்கள். கோப்பின் பிரதியொன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள். வெள்ளம் ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் வராது என்ற நம்பிக்கையில்தான் நம் முன்னோரும் ஏடுகளைப் படியெடுத்துப் பகிர்ந்தார்கள்.