மார்கழி மழை, ஆடிக்காத்து

குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில், மழைக்கு முன்னால் செம்பனை ஆலையின் வாடைதான் வந்து சேரும். வெந்த பழத்தின் அந்த எண்ணெய் வாடை அஞ்சடியில் காயப்போட்ட துணியில் ஏறி, ஆச்சி ஆற்றிக்கொண்டிருக்கும் வரக்கோப்பியின் மணத்தையும் மூடும். பிறகு கடைசி லயத்துத் தகரக் கூரையில் தொடங்கும் சத்தம் ஒவ்வொரு வீடாகத் தாண்டி எங்கள் தலைக்குமேல் வந்து நிற்கும்போது பேச்செல்லாம் அடங்கிப்போகும், உதட்டைப் பார்த்துத்தான் சேதி புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வருஷம் லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் கிழட்டு ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு, செம்பனைக் கன்று வைப்பதற்காகப் படிப்படியாக வெட்டிப் போட்டிருந்தார்கள். புல் பூண்டு இல்லாத வெறும் செம்மண். அப்படியொரு விளையாட்டு இடம் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. சாதாரண நாளில் பிற்பகல் மழை வந்து மண்ணை நனைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். நவம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, மார்கழியில் இரவு பகலாகக் கொட்டி ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால் மேடே வேறாக இருக்கும். உச்சியில் விரல் நுழையும் கீறல்கள். அவை ரெண்டு ரெண்டாகச் சேர்ந்து சாண் அகலம். அவையும் சேர்ந்து, அடிவாரத்தில் என் முழங்கால் வரை இறங்கும் வாய்க்கால். சமதரைக்கு வந்ததும் அது சுமந்து வந்ததையெல்லாம் விசிறி மாதிரிப் பரப்பிவிடும். கல்லை முதலில் போடும், அப்புறம் பருமணல், கடைசியில் சிலிப்பரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழுவழுச் சேறு. அங்கிருந்து கீழ் ஓடைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் தேய்த்த உருண்டைக் கல்லாகப் பொறுக்கி மைலோ டின்னில் போடுவேன். வெள்ளைக்கு ஒரு டின், பழுப்புக்கு ஒரு டின். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாராவது தொட்டால் மட்டும் வீடே அதிரும்.

ஆச்சி அதைக் கேட்டதே இல்லை. சாத்தான்குளத்துப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் பிறந்து, கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவள். செம்மண்ணைக் கண்டாலே அவளுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். "எங்கூர்ல இது தண்ணி பண்ற வேல இல்லட்டி, காத்து பண்றது" என்று தொடங்குவாள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேற்குக் காற்றில் தேரி மணல் எழும்பும். நேற்று நடந்த தடம் இன்றைக்கு இருக்காது. "காத்து ஏறுற பக்கம் சாஞ்சாப்ல கெடக்கும், எறங்குற பக்கம் சரேல்னு நிக்கும். வழி தப்பிட்டா மேட்டப் பாத்தே மேக்கு எதுன்னு சொல்லிரலாம்." காற்று வருஷம் முழுக்க வீசத்தானே செய்யும் என்றேன். "வீசும். மணலத் தூக்கணும்னா ஆடிக்காத்துதான் வரணும்" என்றாள், வெற்றிலையை அதக்கிக்கொண்டே.

2005-ல் தைப்பொங்கலன்று, ஜனவரி 14-ஆம் தேதி, சனிக் கோளின் பெரிய நிலாவான டைட்டனில் ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் இறங்கியது. பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து ஓரிரு நாளில், அப்பா டவுனிலிருந்து வாங்கி வந்த பேப்பரில் படம் வந்திருந்தது. மேலிருந்து எடுத்ததில் கிளை கிளையாகச் சேரும் கால்வாய்கள். தரையில் எடுத்ததில் உருண்டைக் கற்கள். "என் மேடு!" என்று நான் கத்தியதில் கோழிகள் சிதறின. அங்கே குளிர் மைனஸ் 179 டிகிரி, கல்லாகத் தெரிவது தண்ணீர் உறைந்த பனிக்கட்டி, மழையாகப் பெய்வது திரவ மீத்தேன் என்று அப்பா எழுத்துக்கூட்டி வாசித்தார். ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தாள். "எந்தக் கல்லானா என்ன, உருண்டையா இருக்குன்னா ஒண்ணு உருட்டியிருக்கணும்லா" என்றாள். விஞ்ஞானிகளும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள் என்பது பின்னாளில் படித்தபோது தெரிந்தது. நம் புவியீர்ப்பில் ஏழில் ஒரு பங்குதான் டைட்டனில். காற்றோ நம்முடையதைப்போல நாலு மடங்கு அடர்த்தி. மழைத்துளி பருத்து, மெதுவாக இறங்கும். ஆனாலும் ஓடி, அறுத்து, உருட்டி, பரப்புகிற வேலை ஒன்றுதான்.

அந்த நிலாவின் நடுக்கோட்டை ஒட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மணல்மேடுகள் கிடப்பதை காசினி விண்கலத்தின் ரேடார் காட்டியது. ஆய்வாளர்களைக் குழப்பியது அவற்றின் திசை. கணக்குப்படி அங்கே தரைக்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக வீச வேண்டும். மேடுகளோ மேற்கிலிருந்து கிழக்காகப் போகிற காற்று செய்தவை. டென்னசி பல்கலைக்கழகத்தின் டெவன் பர் என்ற கோள் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் இருந்த பழைய உயர் அழுத்தக் காற்றுச் சுரங்கத்தைச் செப்பனிட்டு, டைட்டனின் லேசான மணலுக்குப் பதிலாக வால்நட் ஓட்டுத் தூள்வரை போட்டு ஊதிப் பார்த்தார்கள். மணல் எழும்புவதற்கு, நினைத்திருந்ததைவிட 40 முதல் 50 சதவீதம் கூடுதல் வேகம் தேவைப்பட்டது. 2015-ல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. அன்றாடக் காற்றால் அந்த மணலை அசைக்க முடியாது. டைட்டனுக்கு ஒரு வருஷம் என்பது நமக்கு ஏறக்குறைய 30 வருஷம், அதில் சூரியன் நடுக்கோட்டைத் தாண்டும் சமயங்களில் திசை திரும்பி அடிக்கிற பலத்த காற்றுதான் மேடுகளை வளர்த்திருக்க வேண்டும் என்றார்கள்.

இதை வாசித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. ஆச்சி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் சொன்னது ஆடிக்காத்து, என் மேட்டை அறுத்தது மார்கழி மழை. பிற்பகல் தூறலுக்கும் அந்த மேட்டுக்கும் சம்பந்தமே இல்லையென்று சிலிப்பரும் சேறுமாக நின்று நான் பார்த்திருக்கிறேன்.

டிராகன்ஃபிளை என்ற பறக்கும் கலத்தை 2028-ல் அனுப்பி, 2034-ல் அந்த மணல்மேடுகளுக்கு நடுவிலேயே இறக்கப்போகிறது நாசா. மணல் எதனால் ஆனது, காற்று எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று அங்கேயே இருந்து அளப்பார்கள். முதல் படம் வந்ததும், எந்தப் பக்கம் சரேல் என்று நிற்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.