மணியை எங்கே விடுவேன்?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாயும் பூனையும் கோழியும் வீட்டு ஆட்கள்தாம். விடியற்காலை பிரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தா மரத்துக்கு நடக்கையில் என் கறுப்பன்தான் முன்னால் ஓடுவான். பாம்பு கிடந்தால் குரைத்துக் காட்டுவான். அவனை வளர்க்க எந்தக் கிராணியிடமும் நான் அனுமதி கேட்டதில்லை.

வேலை ஓய்ந்தது, லயத்து வீடும் போயிற்று. இப்போது கூலாயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவான். அவர் காலமான பிறகு எனக்குப் பேச்சுத் துணை மணிதான். மழையில் நனைந்து படிக்கட்டில் கிடந்த பூனைக்குட்டி அது.

சென்ற ஆண்டு வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். "பாட்டி, பூனையை எங்கேயாவது விட்டுடுங்க. இல்லேன்னா வேற வீடு பாருங்க" என்றார். எனக்கு வயது 71. அன்றிரவு சோறு இறங்கவில்லை.

பேத்தி விவரம் தேடிச் சொன்னாள். 2015இல் வந்த நம் நாட்டு அடுக்குமாடி விதிகள், அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய பிராணிகளை வளர்க்கக் கூடாது என்கின்றன. ஆனால் வாடகைக்கு இருப்பவருக்கு ஒப்பந்தம்தான் முக்கியம். என் ஒப்பந்தத்திலோ பூனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அமெரிக்காவில், அரசாங்க உதவி பெறும் முதியோர் வாடகை வீடுகளில் செல்லப் பிராணிக்கு அடியோடு தடை போடக் கூடாதென 1983லேயே சட்டம் செய்தார்களாம். நியாயமான நிபந்தனைகள் மட்டும் விதிக்கலாம். இங்கிலாந்திலும், வாடகைக்காரர் கேட்டால் காரணமின்றி மறுக்கக் கூடாதென 2025இல் சட்டம் நிறைவேறியது.

நான் சண்டைக்குப் போகவில்லை. அவரைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, "எதற்குப் பயப்படுகிறீர்கள் தம்பி?" என்று கேட்டேன். நாற்றம், கதவில் கீறல், அண்டை வீட்டார் புகார் என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. மணிக்குக் கருத்தடை செய்த சீட்டைக் காட்டினேன். மணல் தட்டைத் தினமும் கழுவுவதாகவும், சேதமானால் ஈடு கட்ட 100 ரிங்கிட் முன்பணம் தருவதாகவும் எழுதிக் கொடுத்தேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவும் வந்து, பூனையால் தொந்தரவே இல்லை என்றார். அவர் சம்மதித்தார்.

தோட்டத்திலிருந்து பெற்றோரைப் பட்டணத்துக்கு அழைத்து வரும் பிள்ளைகளே, வீடு பார்க்கும்போதே பிராணியைப் பற்றியும் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். நாயாக இருந்தால் ஊராட்சி மன்ற உரிமத்தையும் அண்டை வீட்டார் மனத்தையும் பாருங்கள். வயதானவர்களிடமிருந்து அந்த ஒரு துணையையும் பிரித்துவிடாதீர்கள்.

இதை எழுதும்போது மணி என் காலடியில்தான் தூங்குகிறது.